தவறு நேர்ந்தால் பணம் கொடுப்பது யார்?

பெரிய மனிதர் ஒருவரின் கண்ணருகே கட்டி. வைத்தியர் வெண்கலக் கத்தியை எடுத்தார். அறுத்தார். கட்டி போயிற்று. கண்ணும் போயிற்று!

"வைத்தியரின் கைகளை வெட்டுங்கள்!"

இதுதான் அன்றையச் சட்டம். சுமார் 3 ஆயிரத்து 700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோன் நாட்டை ஆண்ட ஹமுராபி என்ற மன்னன், தன் நாட்டுச் சட்டங்களைக் கருங்கல்லில் வெட்டி வைத்தான். அதில் வைத்தியருக்குத் தனிச் சட்டம், வீடு கட்டுகிறவருக்குத் தனிச் சட்டம். கட்டிய வீடு இடிந்து சொந்தக்காரர் செத்தால், கட்டியவருக்கு மரண தண்டனை. வீட்டுக்காரரின் மகன் செத்தால், கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டும்! நோயாளி அடிமையாக இருந்து செத்துப் போனால் மட்டும் வைத்தியரின் கைக்கு ஆபத்து இல்லை. பதிலுக்கு இன்னோர் அடிமையைக் கொடுத்தால் போதும்.

1901-ம் ஆண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஈரான் நாட்டில் மண்ணைத் தோண்டியபோது இந்தக் கல் கிடைத்தது. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். இப்போது பாரிஸ் நகரத்தில் லூவர் காட்சிச்சாலையில் நிற்கிறது. வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களில் சிலர் அந்தக் கல்லை நேரில் பார்த்தும் இருக்கலாம்.

அது இருக்கட்டும். வைத்தியரின் கையை வெட்டினார்கள். கண் போனவருக்கு என்ன கிடைத்தது?

ஒன்றும் கிடைக்கவில்லை! அவர் குருடராகவே வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான்.

இன்று யாரும் கையை வெட்டுவதில்லை. "இவ்வளவு ரூபாய் நஷ்ட ஈடு கொடு" என்று கோர்ட்டு சொல்கிறது. சில நேரம் அது லட்சக்கணக்கில் இருக்கும். சில நேரம் கோடியில் இருக்கும். சரி, கோர்ட்டு சொல்லிவிட்டது. பணம் எங்கிருந்து வரும்?

மாலை 6 மணி டாக்டர்

புதுச்சேரி நகரத்தைத் தாண்டி வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குள் போனால் வயல், ஏரி, கோவில், செங்கல் சூளை என்று ஊர் விரிகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளும் உண்டு. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. ஆனால் அவசரத்துக்குப் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியைத்தான் ஜனங்கள் தேடுகிறார்கள். பத்துக் கட்டில், ஓர் ஆபரேஷன் அறை, கீழே ஒரு மருந்துக் கடை. இதுதான் அந்த ஆஸ்பத்திரி.

இப்படிப்பட்ட சின்ன ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர், மூளை டாக்டர், காது மூக்கு டாக்டர் என்று எல்லாரையும் சம்பளத்துக்கு வைத்துக் கொள்ள முடியுமா? முடியாது. அதனால் வெளி டாக்டர்கள் வந்து போகிறார்கள். வாசல் பலகையைப் பார்த்தாலே தெரியும். ஒருவருக்குச் செவ்வாய், வெள்ளி. இன்னொருவருக்கு ஞாயிறு காலை மட்டும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குப் போன் போகும். அவர் ஒரே இரவில் மூன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவராகக்கூட இருப்பார்.

இவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்கும் வேலைக்காரர்கள் அல்ல. மாதச் சம்பளம் கிடையாது. 'கேசு'க்கு இவ்வளவு என்று கணக்கு. "கன்சல்டன்ட்" என்று சொல்கிறார்களே, அது இவர்களைத்தான்.

டாக்டர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பிளான் போட்டு, கம்பி எத்தனை, தூண் எத்தனை என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் என்ஜினீயர், மண்ணைச் சோதித்து "இங்கே அஸ்திவாரம் இத்தனை அடி ஆழம் போக வேண்டும்" என்று எழுதிக் கொடுக்கும் நிபுணர், கடைக்காரரின் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர், இவர்களில் பலரும் தனியாகத் தொழில் செய்கிறவர்களே. இவர்கள் விற்பது பொருள் அல்ல, யோசனை. யோசனை தப்பாகப் போனால் அடுத்தவன் வீடு போகும், அல்லது உயிர் போகும்.

"யார் ஆபரேஷன் பண்ணினாங்க?"

"பெரிய டாக்டர்தான்."

"அவரு பேரு?"

"தெரியாதுப்பா. வெள்ளிக்கிழமை வருவாரு."

கிராமத்தில் சாதாரணமாக நடக்கும் பேச்சு இது. இந்தப் பேச்சில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

நோயாளியும் வாடிக்கையாளர்தான்!

1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடையில் வாங்கிய மின்விசிறி ஓடவில்லை என்றால் வழக்குப் போடலாம். டாக்டரிடம் பணம் கட்டி வைத்தியம் பார்த்தால்? அதுவும் அப்படித்தானா?

"இல்லை" என்றார்கள் டாக்டர்கள். சென்னை ஐகோர்ட்டும் 1994-ம் ஆண்டு அந்தப் பக்கமே தீர்ப்புச் சொன்னது. வைத்தியம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்றது. வேறு இடங்களில் வேறு விதமான தீர்ப்புகள். குழப்பம் டெல்லிக்குப் போயிற்று.

1995-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு முடிவு கட்டியது. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி.சாந்தா என்பவருக்கும் நடந்த வழக்கு அது. "பணம் வாங்கிக் கொண்டு செய்யும் வைத்தியம் ஒரு சேவை. அதில் குறை இருந்தால் நோயாளி நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்" என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

டாக்டர்கள் உலகத்தில் ஒரே பரபரப்பு! அதுவரை "தொழில் பொறுப்பு இன்சூரன்சு" என்ற பேச்சைக் காதில் போட்டுக் கொள்ளாத பலர், அதற்குப் பிறகு கம்பெனி வாசலில் போய் நின்றார்கள்.

வக்கீல்களின் கதை வேறு. அவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று 2024-ம் ஆண்டு மே 14-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வக்கீல் மேல் குறை என்றால் சாதாரண சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

1,250 கிராம் குழந்தை

கோடி ரூபாய் நஷ்ட ஈடு என்பது ஏதோ அமெரிக்காவில் நடப்பது என்று நினைக்கிறவர்கள் சென்னையில் நடந்த இந்தச் சம்பவத்தைப் படிக்க வேண்டும்.

1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். எழும்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்து மாதம் முடியவில்லை. 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 1,250 கிராம். அதாவது ஒன்றேகால் கிலோ!

குழந்தையை வெப்பப் பெட்டியில் வைத்தார்கள். ஆக்சிஜன் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்துக் கொண்டது. பெற்றோருக்குச் சந்தோஷம். வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. குறை மாதத்தில் பிறந்து ஆக்சிஜனில் வைக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கண்ணின் உள்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம். பிறந்த சில வாரங்களிலேயே கண் டாக்டர் பார்த்துவிட வேண்டும். அப்போது கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு. விட்டுவிட்டால் பார்வை போய்விடும். (குறை மாதக் குழந்தை உள்ள வீட்டார் இதைக் கவனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். வழக்கைவிட இது முக்கியம்.)

அந்தக் குழந்தைக்கும் அதுதான் நடந்தது. சில மாதங்களில் பெற்றோருக்கு உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

தந்தை வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் கமிஷன் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி தீர்ப்பு. சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய்! ஏறிக் கொண்டே போகும் விலைவாசியையும், அந்தப் பெண் வாழப் போகும் ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக் கொண்டு நீதிபதிகள் தொகையைப் போட்டார்கள். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18.

அதற்கு முன்பே, 2013-ம் ஆண்டு அக்டோபரில், கொல்கத்தா ஆஸ்பத்திரி ஒன்றில் 1998-ல் நடந்த தவறான சிகிச்சைக்குச் சுமார் 6 கோடி ரூபாயும், அதற்கு 6 சதவீத வட்டியும் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. மனைவியைப் பறிகொடுத்தவரும் ஒரு டாக்டர்தான்! அந்தத் தொகையில் பெரும் பகுதியைக் கட்ட வேண்டியது ஆஸ்பத்திரி. மூன்று டாக்டர்கள் தங்கள் பங்காக முறையே 10 லட்சம், 10 லட்சம், 5 லட்சம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு.

சர்க்கார் என்றால் கஜானா இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் சொத்து இருக்கிறது. வில்லியனூரில் பத்துக் கட்டில் போட்டிருக்கும் ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை வந்து போகும் டாக்டர், இவர்கள் எங்கே போவார்கள்?

மோட்டார் சைக்கிளும் ஆபரேஷன் கத்தியும்

ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் எல்லாருக்கும் 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்சு தெரியும். போலீசார் நிறுத்திக் கேட்கும் காகிதம் அது. உங்கள் வண்டி மோதி இன்னொருவர் அடிபட்டால், நீங்கள் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுக்கும். அது இல்லாமல் ஓட்டினால் குற்றம்.

தொழில் பொறுப்பு இன்சூரன்சும் அதே மாதிரிதான். டாக்டரின் கவனக்குறைவால், அல்லது என்ஜினீயரின் தப்புக் கணக்கால், அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால் கம்பெனி கொடுக்கும். வழக்கு நடத்தும் செலவையும் கொடுக்கும். கம்பெனியின் சம்மதத்தோடு வக்கீல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவில் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிரெஞ்சு கவர்னர் காலத்திலேயே கவர்னர் வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணை நிலை கவர்னர் வந்து பிடிக்கிறார். ஆயிரம் பேர் இழுத்தால்தான் தேர் நகரும். ஆயிரம் டாக்டர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டுகிறார்கள். அதில் யாரோ ஒருவருக்குப் பாரம் வந்து விழுகிறது. எல்லாருடைய பணமும் சேர்ந்து அந்தப் பாரத்தை இழுக்கிறது.

இங்கிலாந்து டாக்டர்கள் இதை 1885-ம் ஆண்டிலேயே புரிந்து கொண்டு தங்களுக்குள் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். நம் நாட்டிலும் டாக்டர் சங்கங்கள் சில இப்படி நிதி சேர்த்து வைத்திருக்கின்றன. நியூ இந்தியா, சென்னையைத் தலைமை இடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா போன்ற சர்க்கார் கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் பாலிசி விற்கின்றன.

எல்லாருக்கும் ஒரே கட்டணம் அல்ல. காய்ச்சலுக்கு மருந்து எழுதும் டாக்டருக்குக் குறைவு. கத்தி எடுக்கும் டாக்டருக்கும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் அதிகம். ஆபத்து எங்கே அதிகமோ அங்கே கட்டணமும் அதிகம்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. டாக்டருக்கோ என்ஜினீயருக்கோ இந்தியாவில் பொதுவான கட்டாயம் எதுவும் இல்லை! இஷ்டம் இருந்தால் எடுக்கலாம். இன்சூரன்சு தரகர் கட்டாயம் எடுத்தாக வேண்டும். வயிற்றைக் கிழித்துத் தைக்கிறவருக்குக் கட்டாயம் இல்லை. வேடிக்கைதான்.

பிரான்சு நாட்டில் அப்படி இல்லை. 2002-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதிச் சட்டப்படி, தனியாகத் தொழில் செய்யும் டாக்டர் ஒவ்வொருவரும் இன்சூரன்சு எடுத்தே தீர வேண்டும்.

கட்டினால் மட்டும் போதுமா?

பாலிசி எடுத்தாயிற்று. டாக்டர் நிம்மதியாகத் தூங்கலாமா? அதுதான் இல்லை. இந்தப் பாலிசியில் நுணுக்கம் அதிகம்.

மோட்டார் பாலிசியில் விபத்து நடந்த நாளைப் பார்ப்பார்கள். அன்று பாலிசி இருந்தால் பணம் உண்டு. தொழில் பொறுப்பு பாலிசியில் பெரும்பாலும் நஷ்ட ஈடு கேட்கப்படும் நாளைப் பார்க்கிறார்கள்.

ஓர் உதாரணம். 2022-ல் ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்கிறார். அப்போது பாலிசி இருக்கிறது. 2023-ல் "இத்தனை வருஷமாக ஒரு வழக்கும் வரவில்லையே, வீண் செலவு" என்று நிறுத்திவிடுகிறார். 2024-ல் நோட்டீசு வருகிறது. கம்பெனி என்ன சொல்லும்?

"2024-ல் உங்களுக்குப் பாலிசியே இல்லையே!"

அன்று கட்டிய பணமும் போயிற்று, பாதுகாப்பும் போயிற்று. இடைவெளி விடாமல் புதுப்பித்துக் கொண்டே வந்தால்தான் பழைய தேதியில் செய்த ஆபரேஷனுக்கும் பாலிசி கை கொடுக்கும். எழும்பூர் வழக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். குழந்தை பிறந்தது 1996. முடிவான தீர்ப்பு 2015. தொழிலை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் டாக்டர் பாலிசியை மறக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்தது உச்ச வரம்பு. ஒரு வழக்குக்கு இவ்வளவு, ஓர் ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவு என்று பாலிசியில் போட்டிருக்கும். ஒரு வழக்குக்கு 25 லட்சம் என்று எடுத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கோர்ட்டு 60 லட்சம் கொடுக்கச் சொல்கிறது. கம்பெனி 25 லட்சத்தோடு கையைக் கழுவிவிடும். மீதி 35 லட்சம்? டாக்டரின் வீடு, மனை, மனைவியின் நகை!

எதற்கெல்லாம் கிடைக்காது என்ற பட்டியலும் உண்டு. குடித்துவிட்டு வைத்தியம் பார்த்தால் கிடைக்காது. வேண்டுமென்றே செய்த தீங்குக்குக் கிடைக்காது. கோர்ட்டு போடும் அபராதத்துக்குக் கிடைக்காது. தான் படிக்காத வைத்தியத்தைச் செய்தாலும் கிடைக்காது. இந்தக் கடைசி விஷயம் கிராமத்து ஜனங்களுக்கு முக்கியம். மும்பையில் ஓமியோபதி படித்த ஒருவர், காய்ச்சலில் கிடந்தவருக்கு அலோபதி மருந்து கொடுத்தார். நோயாளி இறந்து போனார். "படிக்காத வைத்தியத்தைச் செய்ததே கவனக்குறைவு. வேறு சாட்சி தேவையில்லை" என்ற கருத்தில் 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 3 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு.

ஜெயில் தண்டனைக்கும் இன்சூரன்சு கிடையாது. இப்போதுள்ள சட்டப்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை ஜெயில். பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது செய்த கவனக்குறைவு என்றால் 2 ஆண்டு வரை. அதிலும் சாதாரணத் தவறுக்கு டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது, மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும் என்று 2005-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே டாக்டர் தவறு செய்தார் என்று அர்த்தம் இல்லை. இதையும் கோர்ட்டுகள் பல தடவை சொல்லிவிட்டன. சாதாரணத் திறமை உள்ள ஒரு டாக்டர் எடுத்துக் கொள்ளும் கவனத்தை இவரும் எடுத்துக் கொண்டாரா? கேள்வி அதுதான்.

வாய் திறக்காத டாக்டர்

பாலிசியில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. கொஞ்சம் கொடுமையான நிபந்தனை.

"கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக் கொள்ளக் கூடாது."

வாசலில் ஒரு தாய் அழுது கொண்டு நிற்கிறாள். "என்ன சாமி ஆச்சு? சொல்லுங்க சாமி" என்று கேட்கிறாள். டாக்டருக்கும் மனசு பதறுகிறது. ஆனால் எங்கே வாய் தவறி ஏதாவது சொன்னால் கம்பெனி கையை விரித்துவிடுமோ என்ற பயம். தலையைக் குனிந்து கொண்டு காரில் ஏறிப் போய்விடுகிறார். "தப்புப் பண்ணாதவன் ஏன் ஓடணும்?" என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். கல் பறக்கிறது. கண்ணாடி உடைகிறது.

பயத்தில் அளவுக்கு மேல் மௌனம் சாதிக்கிறார்கள் டாக்டர்கள். நடந்ததை விளக்கிச் சொல்வது வேறு, "குற்றம் என்னுடையது, பணம் தருகிறேன்" என்று ஒப்புக் கொள்வது வேறு. முதலாவதைச் செய்யப் பாலிசி தடுக்கவில்லை. "உள்ளே இப்படி நடந்தது, நாங்கள் இன்னின்னது செய்து பார்த்தோம்" என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் கோர்ட்டுக்கே வராமல் போயிருக்கும் வழக்குகள் எத்தனையோ!

பெயர் தெரியாத டாக்டர்

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருவோம். ஆபரேஷன் செய்தவர் பெயரே தெரியாது. அவர் ஆஸ்பத்திரி வேலைக்காரரும் இல்லை. வழக்கு யார் மேல் போடுவது?

டெல்லியில் ஒரு பெண்மணிக்கு இந்தச் சங்கடம் வந்தது. 1994-ம் ஆண்டு இருதய ஆஸ்பத்திரி ஒன்றில் கணவர் இறந்து போனார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட்டார். "சிகிச்சை செய்த டாக்டர்களைச் சேர்க்கவில்லையே!" என்று தேசிய கமிஷன் மனுவைத் தள்ளிவிட்டது.

2004-ம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. நோயாளி ஆஸ்பத்திரியை நம்பித்தான் வருகிறார். உள்ளே யார் யார் பார்த்தார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சம்பளத்துக்கு இருப்பவரானாலும் சரி, வந்து போகிறவரானாலும் சரி, ஆஸ்பத்திரி தன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கவனமாகத்தான் பார்த்தோம் என்று காட்ட வேண்டியது ஆஸ்பத்திரியின் வேலை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

ஆகவே "அவர் வெளி டாக்டர், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்பத்திரி எடுத்திருக்கும் பாலிசி வேறு, வெளி டாக்டர் தனக்காக எடுக்கும் பாலிசி வேறு. ஆஸ்பத்திரி பாலிசி அதன் தலையில் விழும் பொறுப்புக்குப் பணம் கொடுக்கும். டாக்டரின் சொந்தப் பொறுப்புக்கு அவரிடம் தனிப் பாலிசி வேண்டும். "ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும்" என்று டாக்டரும், "டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று ஆஸ்பத்திரியும் நினைத்துக் கொண்டிருந்தால், நடுவில் நிற்பது நோயாளியின் குடும்பம்.

பத்து வருஷப் பொறுப்பு

வீடு கட்டுகிறவர் விஷயத்தில் புதுச்சேரிக்கு ஒரு தனிக் கதை உண்டு.

பிரெஞ்சு சிவில் சட்டம் 1819-ம் ஆண்டு இங்கே அமலுக்கு வந்தது. 1804-ல் நெப்போலியன் காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. அதன் 1792-வது பிரிவு என்ன சொல்லிற்று தெரியுமா? கட்டட வேலைக் குறையாலோ, மண்ணின் குறையாலோ கட்டடம் விழுந்தால், பிளான் போட்டவரும் கட்டியவரும் பத்து ஆண்டு வரை பொறுப்பு! "மண் சரியில்லை, நான் என்ன செய்ய?" என்று தப்பிக்க முடியாது. மண்ணைப் பார்ப்பதும் அவர் வேலைதானே.

ஹமுராபிக்குப் பிறகு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள். உயிருக்கு உயிர் போய், பத்து ஆண்டுப் பணப் பொறுப்பு வந்தது. 1978-ம் ஆண்டு பிரான்சில் அதற்கும் இன்சூரன்சைக் கட்டாயமாக்கினார்கள்.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டி விற்றவர் 30 நாளில் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் இது கட்டி விற்பவர்களுக்கு. பாகூரில் நெல் விற்ற பணத்தில் சொந்த மனையில் கொத்தனார் வைத்துக் கட்டிக் கொள்ளும் விவசாயிக்கு இது உதவாது. அவருக்குத் துணை, பிளான் போட்ட என்ஜினீயரின் கையெழுத்து ஒன்றுதான்.

நேற்று வரை நாற்று நட்ட நிலம். ஏரி பக்கம். மழைக்காலத்தில் ஊறும், கோடையில் வெடிக்கும் களிமண். அங்கே எழும்புகிறது மாடி வீடு. மண் சோதனைக்கு ஆகும் செலவு வீட்டுச் செலவில் ஒரு துளி. அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்!

2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் முதலாளிகளோடு என்ஜினீயர்களும் கைதானார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016-ம் ஆண்டு நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்க வந்த கூலித் தொழிலாளிகள்.

காகிதத்தைப் பத்திரமாக வை!

ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒரு சங்கடம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் காகிதம். டாக்டர் சீட்டு, ரசீது, எக்ஸ்ரே, ஸ்கேன், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். மருந்துக் கடைச் சீட்டைக்கூடக் கிழிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் உள்ள முழுச் சிகிச்சைப் பதிவையும் எழுதிக் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களின் ஒழுங்கு விதி. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே, கத்தி பிடிப்பவர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அவர் கோபித்துக் கொள்ளமாட்டார். கோபித்துக் கொண்டால், அதையும் தெரிந்து கொண்டது நல்லதே!

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். புதிய சட்டம் 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் அமலுக்கு வந்தது. அதன்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பல வழக்குகளில் டாக்டரோடு இன்சூரன்சு கம்பெனியும் எதிர்க்கட்சியாக நிற்பதைப் பார்க்கலாம்.

வீடு கட்டுகிறவர் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். என்ஜினீயருடன் வாய்ப் பேச்சோடு நிற்காமல், அவர் செய்யும் வேலை என்ன, எதற்கெல்லாம் பொறுப்பு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிளானில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "உங்களுக்குத் தொழில் இன்சூரன்சு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

"அது எதுக்குங்க? நம்ம ஊர்ல யாரு எடுக்கறாங்க?" என்று அவர் சிரிக்கலாம்.

அப்போது மண் சோதனைச் சீட்டையாவது கேட்டு வாங்கி, அதே பையில் போட்டு வையுங்கள்.